வியாழனுக்குள் கொட்டை உண்டா?

மாம்பழத்தை நெடுக்காக நறுக்கியது போன்ற ஒரு படத்தைக் கரும்பலகையில் வரைந்து, "நடுவில் உள்ள கொட்டை பாறையும் பனிக்கட்டியும், சுற்றியுள்ள சதை ஹைட்ரஜனும் ஹீலியமும், வியாழன் என்பது இதுதான்" என்று பல ஆண்டுகளாக நான் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். இது பாடத்திட்டத்தில் உள்ளதல்ல. ஈர்ப்பு விசைப் பாடம் முடிந்தபின் மணி அடிக்க மீதமிருக்கும் பத்து நிமிடத்தில் சொல்லும் உபரிச் செய்தி. பேரணாம்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாம்பழம் புதிதல்ல. படம் உடனே மனத்தில் பதிந்துவிடும். தமிழில் வந்த அறிவியல் கட்டுரைகள் பலவற்றிலும் இதே படத்தையும் இதே கதையையும் பார்த்திருக்கிறேன். ஆகவே இக்கட்டுரையில் நான் குறை சொல்லப் போவது மற்றவர்களை மட்டுமல்ல.

கதை இதுதான். சூரியன் பிறந்தபோது அதைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த பெரிய தட்டு ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. தூசி ஒட்டிக் கல்லாயிற்று. கற்கள் திரண்டு ஒரு பெரிய உள்ளகம் ஆயின. உள்ளகம் பூமியைப் போல் பத்து மடங்கு நிறையை அடைந்ததும் சுற்றிலும் இருந்த வாயுவை ஈர்த்து விழுங்கி வியாழன் ஆகிவிட்டது. இதற்கு உள்ளகத் திரட்சிக் கொள்கை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் இதைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "சார், யுரேனஸின் நிறை பூமியைப் போல் பதினான்கரை மடங்கு, நெப்டியூனுடையது பதினேழு மடங்கு என்று போன வாரம் எழுதிப் போட்டீர்கள். இரண்டும் பத்தைத் தாண்டிவிட்டன. அவை ஏன் வியாழன் ஆகவில்லை?" என்றார். "நல்ல கேள்வி, நாளை சொல்கிறேன்" என்றேன். ஆசிரியர்கள் அப்படிச் சொன்னால் அதன் பொருள் என்ன என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

அந்த 'நாளை' எனக்குப் பல மாதங்கள் ஆயின. தேடிப் படித்தபோது தெரிந்தது, கொள்கை ஒன்றும் அவ்வளவு எளியதல்ல, நாங்கள் சொல்லும் கதைதான் அதை எளியதாக்கி வைத்திருக்கிறது என்பது. கதையில் விட்டுப்போனவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது, 'விழுங்கிவிட்டது' என்ற சொல். பெரிய கல் இருந்தால் வாயு தானாக வந்து குவிந்துவிடாது. ஈர்ப்பினால் உள்ளே விழும் வாயு சூடாகிறது. சூடான வாயு விரிந்து நின்று, மேலே உள்ள வாயுவைத் தாங்கிக்கொள்கிறது. புதிதாக வருவதற்கு இடம் இல்லை. உள்ளே இருப்பது தன் வெப்பத்தை வெளியே விட்டுச் சுருங்கினால்தான் அடுத்த படி வாயு இறங்கும். எனவே கோள் பருக்கும் வேகத்தை முடிவு செய்வது அது குளிரும் வேகமே. சேர்ந்த வாயுவின் நிறை உள்ளகத்தின் நிறைக்குச் சமமாகும் நிலை வரும்போது, வாயுவின் சொந்த ஈர்ப்பே மேலோங்கி, சுருக்கமும் சேர்க்கையும் ஒன்றையொன்று தூண்டி, கட்டுக்கடங்காத வேகம் பிறக்கிறது. வெப்பம், அழுத்தம், ஈர்ப்பு மூன்றும் பட்டப்படிப்பு மாணவர் அறிந்த பாடங்கள். அவற்றைக் கொண்டே விளக்கக்கூடிய இந்த நடுப்பகுதியை நான் படித்த தமிழ்க் கட்டுரைகளில் காணோம். 'விழுங்கிவிட்டது' என்று எழுதிவிட்டால் இயற்பியல் அங்கேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது, அந்தப் 'பத்து மடங்கு'. சோவியத் நாட்டின் விக்தோர் சாஃப்ரோனோவ் 1969-ல் ரஷ்ய மொழியில் வெளியிட்ட நூலே கற்கள் திரண்டு கோளாவதைக் கணக்காகச் செய்து காட்டிய அடிப்படை. வாயுவை ஓரளவுக்கு மேல் தாங்க முடியாத எல்லை நிறை ஒன்று உண்டு என்பதையும், அது பூமியைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு என்பதையும் ஜப்பானின் ஹிரோஷி மிசுனோ 1980-ல் தெளிவாக்கினார். ஆனால் அந்த எல்லை, நீர் 100 டிகிரியில் கொதிப்பது போன்ற நிலையான எண் அல்ல. (அந்த 100-ம் ஏற்காட்டு மலையில் குறைந்துவிடுகிறது என்பது வேறு செய்தி.) உள்ளகத்தின் மேல் கற்கள் எவ்வளவு வேகத்தில் வந்து விழுகின்றன, சுற்றியுள்ள வாயுவில் மிதக்கும் தூசி வெப்பத்தை எவ்வளவு மறைக்கிறது என்பவற்றைப் பொறுத்து எல்லை ஏறும், இறங்கும். கல் விழுந்துகொண்டே இருந்தால் சூடு தணியாது, வாயு சரியாது. தூசி கம்பளி போல் போர்த்தியிருந்தாலும் அப்படியே. மாணவர் கேட்ட கேள்விக்கு விடையின் பாதி இங்கேயே இருக்கிறது.

மூன்றாவதுதான் மிக முக்கியம், காலம். கதை சொல்லும்போது நாம் 'கோடிக்கணக்கான ஆண்டுகளில்' என்று தாராளமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தாராளம் இங்கே செல்லாது. தட்டில் வாயு நிலைத்திருக்கும் காலம் குறுகியது. இளம் விண்மீன் கூட்டங்களை ஆராய்ந்து 2001-ல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, 30 லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே பாதி விண்மீன்கள் தம் தட்டுகளை இழந்துவிடுகின்றன. 60 லட்சம் ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாமே இழந்துவிடுகின்றன. எங்கள் ஊரில் இதைப் புரியவைப்பது எளிது. உரித்த தோலுக்கு உடனே உப்பிட வேண்டும். ஒரு நாள் தவறினால் மயிர்க்கால் தளர்ந்து தோல் கெடத் தொடங்கிவிடும். பிறகு எவ்வளவு நல்ல பட்டை போட்டுப் பதனிட்டாலும் பயனில்லை. உள்ளகமும் அப்படித்தான், வாயு இருக்கும்போதே தயாராக வேண்டும். வாயு போனபின் எவ்வளவு பருத்தாலும் அது வெறும் பாறைக் கோளமே.

இப்போது கணக்கைப் பாருங்கள். இக்கொள்கைக்கு அடிப்படையான கணக்கு என்று போற்றப்படுவது ஜேம்ஸ் பொல்லாக்கும் உடன் ஆய்வாளர்களும் செய்து 1996-ல் வெளிவந்தது. அதன்படி வியாழன் உருவாக ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதிலும் பெரும்பகுதி, உள்ளகம் தயாரான பின் வாயு மெள்ள மெள்ளக் குளிர்ந்து சேரும் நடுக்கட்டத்தில் கழிகிறது. அதாவது சராசரித் தட்டு ஒன்றில் வியாழன் பிறக்கவே முடியாது. கொள்கையின் சொந்தக்காரர்களே போட்ட கணக்கு கொள்கைக்கு எதிராக நின்றது. இந்த இடைவெளியில்தான் 1997-ல் அமெரிக்காவின் ஆலன் பாஸ் பழைய கருத்து ஒன்றைப் புதுப்பித்தார். தட்டு போதிய கனமும் குளிர்ச்சியும் உடையதானால், கல்லே தேவையில்லை. தட்டே சில நூறு ஆண்டுகளில் துண்டுதுண்டாகச் சரிந்து பெருங்கோள்கள் ஆகிவிடலாம் என்றார்.

உள்ளகக் கொள்கையினர் சும்மா இருக்கவில்லை. வாயுவில் உள்ள தூசியின் மறைப்பை விண்வெளித் தூசியின் அளவில் 2 சதவீதமாகக் குறைத்து வைத்து 2005-ல் மீண்டும் கணக்கிட்டனர். காலம் 20 லட்சம் ஆண்டுகளை ஒட்டி இறங்கியது. இதைப் படித்தபோது எனக்குச் சிறிது சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விடை வரவில்லையென்றால் எண்ணை மாற்றிக்கொள்ளும் மாணவர்களை நான் கண்டிக்கிறேன் அல்லவா? ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். தூசித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துக் கீழே அமிழ்ந்துவிடும், ஆகவே மறைப்பு உண்மையிலேயே குறையும் என்று பின்னால் தனியாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அது வெறும் ஒட்டுத்துணி அல்ல.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தட்டிலுள்ள வாயு தன் அழுத்தத்தால் ஓரளவு தாங்கப்படுவதால் கற்களைவிடச் சற்று மெதுவாகச் சுற்றும். கல்லுக்கு அது எதிர்க்காற்று. வேகம் இழந்த கல் சூரியனை நோக்கிச் சுழன்று இறங்கும். பூமி இருக்கும் தொலைவில் ஒரு மீட்டர் பருமனுள்ள கல் ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் சூரியனிடம் போய்விடும் என்று வைடன்ஷில்லிங் 1977-லேயே காட்டியிருக்கிறார். தூசி கல்லாகிக் கல் மலையாகும் வழியில், நடுப்படியிலேயே சரக்கு தொலைந்துவிடுகிறது! 'தூசி ஒட்டிக் கல்லாயிற்று, கற்கள் திரண்டு உள்ளகம் ஆயின' என்று ஒரே மூச்சில் நாம் எழுதும் வாக்கியத்துக்குள் இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது.

இந்தப் பள்ளத்தையே பாலமாக மாற்றியது கூழாங்கல் திரட்சி என்ற கருத்து. 2010-க்குப் பின் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதை வளர்த்தார்கள். எதிர்க்காற்றில் அடிபட்டு உள்நோக்கி வந்துகொண்டிருக்கும் சில சென்டிமீட்டர் கற்களை, வழியில் ஏற்கெனவே உருவாகிவிட்ட ஒரு பெரிய கோளக்கரு வாயுவின் உராய்வையே துணையாகக் கொண்டு பிடித்துக்கொள்கிறது. எந்த உராய்வு கல்லைத் தொலைத்ததோ அதுவே இப்போது கல்லைக் கொண்டுவந்து சேர்க்கிறது. உள்ளகம் சில லட்சம் ஆண்டுகளிலேயே வளர்ந்துவிட இது வழி செய்கிறது. அந்த முதல் கோளக்கரு எப்படி வந்தது என்பதற்குத் தனி விளக்கங்கள் உள்ளன. அவற்றில் நான் இப்போது நுழையவில்லை.

மாணவருக்கு நான் சொன்ன விடை இதிலிருந்து வந்தது. வளரும் உள்ளகம் ஒரு குறிப்பிட்ட நிறையை, வியாழன் இருக்கும் இடத்தில் பூமியைப் போல் ஏறத்தாழ 20 மடங்கை, எட்டியதும் தன் ஈர்ப்பால் தட்டின் வாயுவில் ஒரு மேட்டை உண்டாக்குகிறது. கூழாங்கற்கள் அந்த மேட்டுக்கு வெளியே தேங்கிவிடுகின்றன. கல் வரத்து நின்றதும் சூடு தணிகிறது, வாயு சரிகிறது, வியாழன் பிறக்கிறது. சூரியனிலிருந்து விலக விலக அந்த எல்லை உயரும். யுரேனஸும் நெப்டியூனும் தம் எல்லையை எட்டவேயில்லை. கல் விழுந்துகொண்டேயிருந்தது, சூடு தணியவில்லை. அதற்குள் தட்டு வற்றிவிட்டது. "அப்படியானால் இரண்டும் ஒரே மாதிரி பாதியில் நின்றது தற்செயலா?" என்றார் அவர். அங்கேதான் கொள்கைக்கு இன்னமும் வலிக்கிறது. பழைய கணக்கின்படி, வாயு தீர்வதற்குச் சற்று முன்னால், முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல், இரண்டு கோள்களும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். புதிய கணக்கு அந்த நெருக்கடியைத் தளர்த்துகிறதே தவிர முழுக்க நீக்கவில்லை என்பது என் கருத்து.

இவ்வளவு திருகாணிகள் உள்ள ஒரு கொள்கையை எதற்கும் பொருத்திவிட முடியாதா என்ற ஐயம் வாசகருக்கு எழலாம்; எனக்கும் எழுந்தது. கொள்கை தோற்கக்கூடிய சோதனை உண்டா என்று பார்ப்பதே முறை. உண்டு. உள்ளகம் கல்லால் ஆனதென்றால், இரும்பு முதலிய கனத் தனிமங்கள் மிகுந்த விண்மீன்களிடம் பெருங்கோள்கள் மிகுந்திருக்க வேண்டும். தட்டே துண்டாகிச் சரியும் கொள்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2005-ல் ஃபிஷர், வாலென்டி இருவரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களை ஆராய்ந்து, பெருங்கோள் இருக்கும் வாய்ப்பு இரும்பின் அளவின் இருமடிக்கேற்ப உயருவதைக் கண்டனர். கொள்கை இங்கே நன்றாகவே தேர்ந்தது.

எங்கே தடுமாறுகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. எச்.ஆர்.8799 என்ற விண்மீனைச் சுற்றி வியாழனைவிடப் பல மடங்கு பெரிய நான்கு கோள்கள் நேரடியாகப் படம் பிடிக்கப்பட்டுள்ளன. வெளிக்கோடியில் உள்ளது பூமி–சூரியன் தொலைவைப் போல் ஏறக்குறைய 70 மடங்கு தள்ளி இருக்கிறது. அவ்வளவு தொலைவில் கல் சேர்ந்து உள்ளகமாக நேரம் போதாது. இப்படி நேரடியாகப் படம் பிடிக்கப்பட்ட கோள்களையுடைய 18 விண்மீன்களைப் பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டனர். சராசரியில் அவற்றின் இரும்பு சூரியனுடையதை ஒத்தே இருந்தது. மிகுதியும் குறைவுமாகப் பெரிதும் சிதறியும் இருந்தது. தொலைவில் பெருங்கோள் பிறக்க இரும்பு வளம் கட்டாயமில்லை போலும். இதற்கு அவர்கள் புதிதாகத் தொலைநோக்கியைத் திருப்பவும் இல்லை. யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்கப்பட்டிருந்த நிறமாலைகளையே பயன்படுத்தினர். நம் கல்லூரி மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தார் அபு மலையிலுள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியில் பாரஸ்-2 நிறமாலைக் கருவியைக் கொண்டு கண்டு 2024-ல் அறிவித்த டி.ஓ.ஐ.-6651பி என்ற கோள். தன் விண்மீனை ஐந்தே நாளில் சுற்றுகிறது. விட்டம் பூமியைப் போல் ஐந்து மடங்கு. நிறையோ அறுபது மடங்கு. நிறையில் ஏறத்தாழ 87 சதவீதம் பாறையும் இரும்பும் என்று கணக்கிட்டுள்ளனர். அதாவது பூமியைப் போல் ஐம்பது மடங்குக் கல்! பத்து போதும் என்றால் ஐம்பது வைத்திருக்கும் இது வாயுவைக் குவித்து வியாழனை மிஞ்சியிருக்க வேண்டாமா? மோதிச் சேர்ந்திருக்கலாம், முன்பிருந்த வாயுவை விண்மீனுக்கு அருகே வந்தபோது இழந்திருக்கலாம். எதுவானாலும் 'பத்தை எட்டியதும் விழுங்கிவிட்டது' என்ற ஒற்றை வரிக்குள் இக்கோளை அடைக்க முடியாது.

இனி தலைப்பிலுள்ள கொட்டைக்கு வருவோம். 2016 ஜூலையில் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலம், அதன் ஈர்ப்புப் புலத்தை முன்பு எவரும் அளக்காத நுட்பத்தோடு அளந்தது. 2017-ல் வந்த முடிவு பலரையும் திகைக்க வைத்தது. வியாழனின் நடுவே கூரிய எல்லையுடன் ஒரு பாறைப் பந்து இருப்பதாகக் கொண்டால் அளவைகள் சரிவரப் பொருந்தவில்லை. கனத் தனிமங்கள் ஹைட்ரஜனோடு கலந்து, கோளின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை படிப்படியாக நீர்த்துப் பரவியுள்ளன என்று கொண்டால் பொருந்தியது. சனியின் வளையங்களில் தெரிந்த அலைகளைக் கொண்டு 2021-ல் செய்த ஆய்வு, அங்கும் இப்படியே, ஆரத்தில் 60 சதவீதம் வரை பரவிய மங்கலான உள்ளகம் என்றது. மாம்பழம் போயிற்று.

வெல்லக்கட்டியைத் தண்ணீரில் போட்டுக் கலக்காமல் விட்டால் அடியில் பாகும் மேலே வரவர நீர்ப்புமாக இருக்குமல்லவா, அதுதான் இப்போது நான் சொல்லும் உவமை. வியாழனின் நடுவில் வெப்பம் 20,000 டிகிரி அளவில் இருக்கிறது. அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறையும் பனிக்கட்டியும் ஹைட்ரஜனில் கரையக்கூடியவை. அது மட்டுமல்ல. உள்ளகம் சிறிது பருத்து வாயுப் போர்வை சூடேறியதுமே, புதிதாக விழும் கற்கள் நடுவை அடையாமல் வழியிலேயே ஆவியாகிக் கலந்துவிடும் என்று உள்ளகத் திரட்சிக் கணக்குகளே காட்டுகின்றன. கொள்கையை நேர்மையாகப் பின்பற்றிச் சென்றிருந்தால் கொட்டையை வரைந்திருக்கவே முடியாது. கொட்டை நாங்கள் சேர்த்தது.

ஆனாலும் பாதி ஆரம் வரை பரவியது எப்படி என்பது தீரவில்லை. பூமியைப் போல் பத்து மடங்கு நிறையுள்ள ஒரு கரு நேருக்கு நேர் மோதிக் கலக்கிவிட்டது என்று 2019-ல் ஓர் ஆய்வு சொன்னது. அப்படி மோதினாலும் கனப்பொருள் மீண்டும் நடுவில் அமிழ்ந்துவிடுகிறது என்று 2025-ல் மற்றொரு கணினி ஆய்வு மறுத்தது. மறுபுறம், துண்டாகிச் சரிந்த கோளிலும் பின்னால் விழும் கல் கலந்திருக்கலாம் என்பதால், கனப்பொருள் உள்ளே இருப்பது ஒன்றையே உள்ளகக் கொள்கைக்குச் சாட்சியாக நிறுத்தவும் முடியாது.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் இதை 'கரு' என்று எழுதுவோர் பலர். அணுவுக்கு அணுக்கரு, உயிரணுவுக்கு உட்கரு, பூமிக்குக் கருவம் என்று படித்த மாணவர் மனத்தில் கரு என்றதும் எல்லை உள்ள ஓர் உருண்டை தோன்றுகிறது. 'உள்ளகம்' அவ்வளவு அழகான சொல்லல்ல என்றாலும், எங்கே முடிகிறது என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் இக்கட்டுரை முழுதும் அதையே ஆண்டேன். தொடக்கத்தில் உள்ள சிறு பொருளை மட்டும் கோளக்கரு என்றேன். அதற்கு எல்லை உண்டு.

எங்கள் ஊரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் என்று போனால் ஜவ்வாது மலையில் காவலூர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அமெரிக்கர் விமானத்திலிருந்து பார்த்து அதற்கு வளையங்கள் உண்டென்று கண்டனர். அதே நாள் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியிலும் விண்மீனின் ஒளி மங்கியது பதிவாயிற்று. அந்த யுரேனஸின் அருகே சென்ற விண்கலம் இதுவரை ஒன்றே ஒன்று, 1986 ஜனவரியில் கடந்துபோன வாயேஜர்-2. அதைச் சுற்றி வந்து, வியாழனை அளந்ததுபோல் அதன் ஈர்ப்பை எவரும் அளந்ததில்லை. மாணவரின் கேள்விக்கு உறுதியான விடை அந்த அளவையில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் வியாழனுக்குச் சாக்கட்டியைப் படுக்க வைத்துத் தேய்த்து, நடுவிலிருந்து வெளியே மங்கிக்கொண்டே போகும்படி வரைகிறேன். யுரேனஸுக்கு வட்டத்தை மட்டும் போட்டு, உள்ளே ஒன்றும் வரையாமல் விட்டுவிடுகிறேன்.